நகத்துக்கு அடியில்

—அழுத்தினியா இல்லையா?

—அழுத்தியாச்சு மேடம். மேல தள்ளியும் விட்டுட்டேன், இனிமே விரல் வச்சுப் பிடிச்சுட்டே இருக்க வேணாம். நீங்க பாட்டுக்குப் பேசுங்க, அது பாட்டுக்குப் பதியும். கையை மட்டும் ஆட்டாதீங்க.

—போனை உன் பக்கம் தள்ளி வை. உன் ஜெல்லு கில்லு பட்டுடப் போகுது. கண்ணாடியும் எடுத்துட்டு வரல, அதுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியவும் தெரியாது. ம்க்கும். நம்ம அடுக்குமாடித் தோழிகள் எல்லாருக்கும் வணக்கம். நான் ஏழாவது மாடியில இருந்து பேசறேன். ரெண்டு நாளா குரூப்ல எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்கறீங்க, குழந்தைங்களுக்கு இந்தக் கீரிப்பூச்சி யார் வீட்ல இருந்து வந்துச்சுன்னு. ஏழு குழந்தைக்கு வந்திருக்கு. ராத்திரி ஆனா பின்பக்கம் அரிப்புத் தாங்காம அழுதுட்டுக் கிடக்குதுங்க. நான் கண்டுபிடிச்சுட்டேன். நம்ம கட்டடத்துல நாலு வீட்ல வேலை செய்யறாளே, கொண்டை போட்ட அந்த வேலைக்காரி, அவ கொண்டு வந்ததுதான். நான் நேத்தே நிறுத்திட்டேன். மத்த மூணு வீட்டுக்காரங்களும் இன்னைக்கே நிறுத்திடுங்க. இரு, அனுப்பிடாதே.

—அனுப்பல மேடம்.

—கடைசியா ஒரு வரி சேக்கணும். கேட்டவுடனே நறுக்குனு உறைக்கணும். யோசிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

—அப்படியே இருக்கட்டும் மேடம். அந்தக் கையைக் குடுங்க.

—நீயா எதையும் தொடாதே. சொன்னதை மட்டும் செய். கேக்காததைச் செய்யறவங்கதான் இப்ப ஜாஸ்தி.

—சொன்னதை மட்டும்தான் செய்வேன் மேடம். இந்த நாலு நகத்தையும் யாரு கடிச்சது?

—யாரு கடிப்பா, நாந்தான். டென்ஷன்னா கை தானா வாய்க்குப் போயிடும், சின்ன வயசுப் பழக்கம். அதை மறைக்கத்தானே உங்க கடைக்கு வர்றது. மேல ஒட்டி, நீளமா, கூரா வை. போன தடவை வச்சதை ஊரே கண்ணு வச்சுது.

—ஒட்டறதுக்கு முன்னாடி இந்தக் கிண்ணத்துல விரலை விடுங்க. சோப்புத் தண்ணிதான். அடியில பிரஷ் போட்டு எடுத்துடறேன்.

—நேரா ஒட்ட வேண்டியதுதானே? என் நகத்துல என்ன அழுக்கு? நான் சுத்தம்னா சுத்தம். என் வீட்டுத் தரையில விழுந்ததை எடுத்து வாயில போடலாம்.

—கண்ணுக்குத் தெரியற அழுக்கைச் சொல்லல மேடம். எல்லாருக்கும் செய்யறதுதான்.

—எல்லாரும் நானும் ஒண்ணா?

—விரலை விடுங்க மேடம்.

—அந்த வேலைக்காரி நகத்தை நீ பாக்கணும். சதையோட ஒட்ட வெட்டியிருப்பா. கல்லு உடைக்கற கை மாதிரி இருக்கும். பொம்பளைக் கைன்னு சொல்ல முடியாது.

—ஒட்ட வெட்டினா நல்லதுதானே மேடம். அடியில எதுவும் தங்காது.

—உன்னை மாதிரி நகம் ஒட்டிப் பொழைக்கறவ சொல்ற பேச்சா அது? 

—அவங்க எத்தனை நாளா இருந்தாங்க உங்க வீட்ல?

—'அவங்க' என்ன 'அவங்க'? 'அவ'ன்னு சொல்லு. இப்படி 'ங்க' போட்டுப் போட்டுத்தான் இதுங்க தலையில ஏறி உக்காருது. இருபத்தஞ்சு நாள். வந்த நாலாம் நாளே பாப்பாவுக்கு ஆரம்பிச்சிடுச்சு. நாலு வயசுக் குழந்தை, ராத்திரி எழுந்து 'கடிக்குதும்மா'ன்னு அழறா. டார்ச் அடிச்சுப் பாத்தா, வெள்ளையா, நூலை நறுக்கிப் போட்ட மாதிரி நெளியுது. கர்மம். மறுநாள் முழுக்க எனக்குச் சோறே இறங்கல.

—நாலாம் நாளா மேடம்?

—நாலாம் நாள். சரியாச் சொல்றேன், தேதியே இருக்கு. டாக்டர்கிட்ட அடுத்த நாள் போனோம்.

—தெரியாம கேக்கறேன் மேடம். இது முட்டையா வாய் வழியா உள்ள போயி, குடல்ல புழுவா வளந்து, பெரிசாகி, ராத்திரி வெளிய வந்து முட்டை போடணும்ல? அதுக்கே ஒரு மாசமாவது பிடிக்குமாம். ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகறதும் உண்டாம். நாலு நாள்ல எப்படி?

—நீ என்ன டாக்டரா? நகத்தைப் பாரு.

—நகத்தைத்தான் பாக்கறேன் மேடம். அசையாதீங்க, ஜெல் வழியுது.

—நாற்காலி சரியில்ல, குத்துது. எல்லாம் அவ வேலைதான், எனக்குச் சந்தேகமே இல்ல. முழுச் சோம்பேறி. நான் தினமும் காலையில எழுந்ததும் படுக்கை விரிப்பை எல்லாம் பால்கனியில நின்னு உதறுவேன். படார் படார்னு. கீழ ஆறாவது மாடிக்காரி கத்துவா, தூசி விழுதாம். விழட்டும். அவ வீட்ல புதுசா விழறதுக்கு என்ன இருக்கு, ஏற்கெனவே குப்பை மேடு. இந்த வேலைக்காரிகிட்ட உதறுன்னு சொன்னா உதற மாட்டா. நாலு மூலையையும் உள்பக்கமா மடிச்சு, குழந்தையைச் சுத்தற மாதிரி மெதுவாச் சுருட்டி, அப்படியே கொண்டுபோய் மெஷின்ல போடுவா. எடுத்து உதறக் கையில தெம்பில்ல, ஆனா சம்பளம் மட்டும் முதல் தேதி வேணும்.

—ஏன் உதறலன்னு கேட்டீங்களா?

—கேட்டேன். 'உதறாதீங்கம்மா, முட்டை பறக்கும், பறந்து மூக்குல வாயில போகும்'னு எனக்குப் பாடம் எடுக்கறா. கோழியா வளக்கறோம், முட்டை பறக்க?

—இதுக்கு முன்னாடி அவங்க எங்க வேலை செஞ்சாங்கன்னு சொன்னாங்களா?

—ஏதோ ஆஸ்பத்திரியில துணி துவைச்சாளாம்.

—பதினாலு வருஷம் சலவைக்கூடத்துல இருந்திருக்காங்க மேடம். அங்க உதறினா வேலையை விட்டே தூக்கிடுவாங்க. இந்த முட்டை கண்ணுக்குத் தெரியாது. விரிப்புல, துண்டுல, பொம்மையில, கதவுக் கைப்பிடியில ரெண்டு வாரம் வரைக்கும் உயிரோட ஒட்டிட்டு இருக்கும். உதறினா வீடு முழுக்கப் பரவும். சுருட்டி எடுத்துட்டுப் போயி சுடுதண்ணியில துவைச்சாதான் அடங்கும்.

—பதினாலு வருஷம்னு உனக்கு யாரு சொன்னது?

—நீங்கதானே மேடம் ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க. இந்தக் கையை எடுத்து விளக்குக்குள்ள வைங்க. ஒரு நிமிஷம் அசையக் கூடாது.

—என்ன பேசிட்டு இருந்தேன்? ஆங், அந்தக் கடைசி வரி. 'நன்றி கெட்ட ஜென்மங்களை வீட்டுக்குள்ள விட்டா இதுதான் கதி'ன்னு சொல்லலாமா? வேணாம், மூணாவது மாடிக்காரி தன்னைச் சொல்றேன்னு நினைச்சுப்பா. போன வருஷம் என்கிட்ட வாங்கின பாத்திரத்தை இன்னும் திருப்பித் தரல. அது போக, நம்ம குடியிருப்புச் சங்கச் செயலாளர் பொண்டாட்டி வேற. ஏதோ கட்டடமே அவ அப்பன் கட்டினாப்பல. முதல் ஆளா குரூப்ல போட்டதே அவதான், 'இது எந்த வீட்ல ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சாகணும், வெளிப்படையா ஒத்துக்கணும்'னு. அவ பையன் மூக்குச்சளியைத் துடைக்க ஆள் இல்ல, பூச்சி எங்கிருந்து வந்துச்சுன்னு விசாரணைக் கமிஷன் வைக்கறா.

—எல்லாக் குழந்தைக்கும் ஒரே சமயத்துலயா வந்துச்சு மேடம்?

—எல்லாம் இந்த மாசத்துலதான். ஒண்ணா விளையாடுதுங்க, கீழ அந்த விளையாட்டு ரூம்ல. நான் முதல்ல பூனையைத்தான் சந்தேகப்பட்டேன். வாட்ச்மேன் ஒரு பூனை வளத்தான். அதைத் துரத்தச் சொல்லி அடிச்சே வெரட்டினேன்.

—இந்தப் பூச்சி மனுஷங்களுக்குள்ளதான் மேடம் வரும். பூனைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

—பூனை போனதுல நஷ்டம் ஒண்ணும் இல்லையே. இந்த விரல் கோணலா இருக்கு பாரு.

—சரி பண்ணிடறேன். நெளியாம இருங்க.

—நாற்காலியை மாத்தச் சொல்லு உங்க முதலாளிகிட்ட. யாரது கதவைத் தட்டறது? என்னங்க, இங்க எங்க வந்தீங்க? பொம்பளைங்க கடையில தலையை நீட்டிட்டு.

—இல்ல, அது வந்து, பாப்பா காருக்குள்ள உக்கார மாட்டேங்கறா. சீட்டுல தேய்ச்சுத் தேய்ச்சு அழறா. அந்த மாத்திரை மிச்சம் இருக்கான்னு கேக்கலாம்னு.

—குழந்தையைத் தனியா விட்டுட்டா வந்தீங்க?

—வெளிய வரவேற்பு மேஜையில இருக்கற பொண்ணு பாத்துக்கறா. அது வந்து, டாக்டர் எனக்கும் சேத்துத்தானே எழுதினாரு? என்னோடதை எங்க வச்சே?

—உங்களுக்கு எதுக்கு?

—அது வந்து...

—வந்ததைச் சொல்லிட்டுப் போங்க.

—எனக்கும்தான் அரிக்குது. சொல்ல வெக்கமா இருந்துச்சு. பாப்பா பிறந்தநாளுக்கு முன்னாடியில இருந்தே. நான் ஆபீஸ் பயிற்சி முகாமுக்குப் போயி பத்துப் பேரோட ஒரே ரூம்ல ஒரு மாசம் தங்கிட்டு வந்தேன்ல, அங்கயே ரெண்டு பேருக்கு இருந்துச்சு. வந்து கொஞ்ச நாள்ல எனக்கும் ஆரம்பிச்சிடுச்சு. சூட்டுக் கொப்புளம்னு நினைச்சேன்.

—பிறந்தநாளுக்கு முன்னாடியா? அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகப் போகுது.

—ஆமா. நீயும்தான் ராத்திரியில புரண்டு புரண்டு படுக்கறே. உனக்கும் இருக்குமோன்னு...

—வாயை மூடுங்க. மூணாவது மனுஷி முன்னாடி என்ன பேசறோம்னு இல்லையா? கீழ போங்க. உங்க மாத்திரை இல்ல. அதைத்தான் அந்த வேலைக்காரிக்குக் குடுத்தாச்சே.

—என்னோடதையா?

—இல்ல இல்ல, என்னோடதைக் குடுத்தேன். உங்களோடது வீட்டு டிராயர்ல இருக்கும். போங்க, போங்க, பாப்பா அழறா. ஒரு வேலைக்கு லாயக்கில்ல, வெளியூர் போனா இந்தச் சீதனத்தோட வந்து நிக்கறது. மனுஷன்.

—போயிட்டாங்க மேடம். இப்ப இடது கையை வைங்க.

—நீ எதையும் கேக்கல, புரியுதா?

—எங்களுக்குக் காதே கிடையாது மேடம். வர்றவங்க எங்க முகத்தைப் பாக்கறதில்ல, கையை நீட்டிட்டு வேற எங்கயோ பாத்துப் பேசுவாங்க. பழகிடுச்சு. டாக்டர் எத்தனை மாத்திரை குடுத்தாரு?

—ஆறு. வீட்ல மூணு பேரும் அன்னைக்கே ஒண்ணு ஒண்ணு போடணுமாம். பதினஞ்சாம் நாள் மறுபடி ஒண்ணு ஒண்ணு. பாப்பாவுக்கு மட்டும் குடுத்தேன். மறுநாளே நல்லா தூங்கினா. அதனால ரெண்டாவதைக் குடுக்கல. சும்மா சும்மா குழந்தைக்கு மருந்து எதுக்கு?

—மாத்திரை புழுவைத்தான் மேடம் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அந்த முட்டை பொரிஞ்சு வர்றதைப் பிடிக்கத்தான் ரெண்டாவது. சரி, உங்க ரெண்டு பேருக்கும்?

—எங்களுக்கு எதுக்கு? எங்களைப் பாத்தா பூச்சி பிடிச்சவங்க மாதிரியா இருக்கு? என் பங்கு ரெண்டையும் அந்த வேலைக்காரிக்குக் குடுத்தேன். கையில குடுத்தா தூக்கிப் போட்டுடுவான்னு நானே எதிர்ல நின்னு முழுங்க வச்சேன். வாயைத் திறந்து காட்டுன்னேன். நாக்கைத் தூக்குன்னேன். பதினஞ்சாம் நாள் மறுபடியும் அதே மாதிரி. 'எனக்கு ஒண்ணும் இல்லம்மா'ன்னு முனகினா. உனக்கு இல்லாம யாருக்குடி இருக்கும்னு கேட்டேன்.

—ரெண்டு தடவையும், நாள் தவறாம, முழுசாப் போட்டது அவங்க மட்டும்தான்.

—அவ மட்டும்தான்.

—அப்ப உங்க வீட்லயே இந்தப் பூச்சி இல்லைன்னு அடிச்சுச் சொல்லக்கூடிய ஒரே ஆளைத்தான் மேடம் நேத்து வெளிய அனுப்பியிருக்கீங்க.

—என்ன சொன்னே?

—கணக்கு சரிதானே மேடம்? பாப்பாவுக்கு அரைகுறை. சாருக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கும் ஒண்ணும் இல்ல. நாற்காலியில எந்தக் குறையும் இல்ல மேடம். காலையில இருந்து ஆறு பேர் உக்காந்துட்டுப் போயிருக்காங்க, யாரும் நெளியல.

—உனக்கு வாய் ரொம்ப நீளம்.

—நகம் நீளமா இருக்கறதுதான் மேடம் இங்க பிரச்சினை. ராத்திரி நம்மளை அறியாம சொறிவோம். முட்டை நகத்துக்கு அடியில போய் உக்காந்துக்கும். காலையில அதே கையால குழந்தைக்குக் கால் கழுவி விடுவோம், அதே கையால பிசைஞ்சு ஊட்டுவோம், டென்ஷன்னா அதே விரலைக் கடிப்போம். அப்புறம் எங்க வெளிய தேடறது?

—போதும். கேக்கவே அசிங்கமா இருக்கு.

—அதுக்காக ஒண்ணும் பயப்பட வேணாம் மேடம், யாருக்கும் வர்றதுதான். இதுல அசிங்கம்னு எதுவும் இல்ல. மூணு பேரும் ஒரே நாள்ல மாத்திரையைப் போட்டு, பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி போட்டு, காலையில எழுந்ததும் குளிச்சு, உள்துணியை மாத்தி, கக்கூஸ் போனாலும் சாப்பிட உக்காந்தாலும் சோப்பு போட்டுக் கை கழுவினா முடிஞ்சு போற விஷயம். நகத்தை மட்டும் வெட்டிடலாம். இதுவரைக்கும் ஆறுதான் ஒட்டியிருக்கேன், இப்பவே எடுத்துடறேன்.

—இரு. பாப்பா பிறந்தநாள் அன்னைக்கு...

—சொல்லுங்க.

—கேக்கை நான்தான் ஊட்டினேன். ஒவ்வொரு குழந்தைக்கும். ஸ்பூன் எடுத்துட்டு வந்தாங்க, வேணாம்னு சொன்னேன். போட்டோவுல நகம் தெரியணும்னு கையாலயே ஊட்டினேன். பதினோரு குழந்தை. செயலாளர் பையன், மூணாவது மாடி இரட்டைக் குழந்தைங்க, ஆறாவது மாடிப் பொண்ணு... ஏழும் அதுல இருக்கு.

—ரோஸ் கலர் நகம், நுனியில வெள்ளிக் கோடு.

—உனக்கு எப்படித் தெரியும்?

—நான்தான் மேடம் ஒட்டி விட்டேன், இதே நாற்காலியில. அந்த வகையில எனக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு.

—நீயா? எனக்கு ஞாபகமே இல்ல.

—இருக்காது மேடம். அன்னைக்கு நீங்க இன்னொண்ணும் கேட்டீங்க. 'நம்பிக்கையா, சுத்தமா ஒரு வேலைக்காரி கிடைப்பாளா'ன்னு. நான் ஒருத்தங்களைச் சொன்னேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வேலையை, பதினாலு வருஷ வேலையை, விட்டுட்டு வந்தாங்க. அங்க சொல்லிட்டு வர ஒரு மாசம் ஆச்சு. நீங்க அதிகச் சம்பளம் தர்றேன்னு சொன்னதை நம்பி நான்தான் கட்டாயப்படுத்தி அனுப்பினேன். எங்கம்மா மேடம் அவங்க.

—ஓ.

—ஆமாங்க மேடம்.

—அதான் விரலைப் பிடிச்சு அந்த இழுப்பு இழுக்கறியா? அதான் 'அவங்க அவங்க'ன்னு வாய் நிறைய வருதா? ஆத்தாளும் மகளும் சேந்து என் குடும்பத்தைச் சுத்தி வளைச்சிருக்கீங்க.

—முதல் மாத்திரை போட்ட அன்னைக்கு வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடல. வாயைக் கொப்பளிச்சுட்டே இருந்தாங்க. என்னம்மா கசக்குதான்னு கேட்டேன். 'கசப்பெல்லாம் இல்லடி, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னா'ன்னாங்க. அம்பத்திரெண்டு வயசு அவங்களுக்கு. அதுக்கு அப்புறமும் மறுநாள் காலையில ஆறு மணிக்கு உங்க வீட்டுக்கு வந்தாங்க. பாப்பா அழறாளேன்னு.

—வேலைக்காரின்னா வரணும்தான்.

—மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க ஒரு வரி சேக்கணும்னு சொன்னீங்கல்ல? அந்த வரியை மட்டும் மாத்திச் சொல்லிடுங்க. 'இல்ல, இது எங்க வீட்ல இருந்துதான் வந்திருக்கு, எல்லாரும் குடும்பத்தோட மாத்திரை போட்டுடுங்க'ன்னு. அவ்வளவு போதும். ஏழு குழந்தையும் சரியாகிடும். அம்மாவுக்கு மத்த மூணு வீடாவது நிக்கும். உங்க வீட்டுக்குத் திரும்பி வரமாட்டாங்க, கேக்கவும் மாட்டேன்.

—நல்லா இருக்கே கதை. நான் போய் நாப்பது வீட்டுக்கு முன்னாடி, என் புருஷனுக்கும் எனக்கும் பின்னாடி அரிக்குதுன்னு தம்பட்டம் அடிக்கணுமா? அந்தச் செயலாளர் பொண்டாட்டி வாயில நான் போய் விழணுமா?

—உண்மை அதுதானே மேடம்.

—உண்மைன்னா? உண்மையை வச்சு என்ன பண்றது? ஆமா, எங்க வீட்ல இருந்துதான் வந்துச்சு, எனக்கு இப்ப தெரியும், உனக்கும் தெரியும். அதோட நிக்கட்டும். பழியைத் தாங்க யாராவது ஒருத்தர் வேணும். உங்கம்மாவுக்கு இந்த வீடு இல்லன்னா இன்னொரு வீடு. பாத்திரம் எந்த வீட்டுலயும் அழுக்காத்தான் இருக்கும். என் மானம் போச்சுன்னா நான் வேற கட்டடத்துக்கா குடி போறது?

—கட்டடம் முழுக்கப் பூச்சிக்காரின்னு பேர் எடுத்தவங்களை எந்த வீட்ல மேடம் சேப்பாங்க?

—அது அவ தலையெழுத்து. இங்க பாரு பொண்ணு. உங்க முதலாளியம்மா என் சிநேகிதி. இப்ப நான் கூப்பிட்டு, பூச்சி பிடிச்ச வீட்ல இருந்து வந்தவளை வச்சு நகம் ஒட்டறியான்னு ஒரு வார்த்தை கேட்டா, உனக்கும் நாளையில இருந்து வேலை கிடையாது. ஆத்தாளும் மகளும் சேந்தே தேடலாம். கேக்கட்டுமா?

—வேணாம் மேடம்.

—அப்படி வா வழிக்கு. இன்னும் நாலு விரல் இருக்குல்ல? ஒட்டு. நீளமா.

—நீளமாவே ஒட்டறேன் மேடம்.

—ஆறாவது மாடிக்காரி, மூணாவது மாடிக்காரி, எல்லாம் என்னைப் பாத்துப் பொறாமையில வேகுதுங்க. என்னைக்கு வழுக்கி விழுவேன்னு காத்துட்டு இருக்குதுங்க. உனக்கு எங்க இதெல்லாம் புரியும்? 

—ரெண்டு கையையும் விளக்குக்குள்ள வைங்க. இது கடைசி.

—அந்த போனை எடு.

—எடுத்துட்டேன் மேடம்.

—நீயே அனுப்பு. உன் கையாலயே. அப்பதான் உங்கம்மாவுக்கும் யார்கிட்ட வச்சுக்கிட்டோம்னு புத்தி வரும்.

—கடைசி வரி சேக்கணும்னு சொன்னீங்களே?

—தேவையில்ல. இருக்கறதே போதும்.

—மேடம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏதாவது அழிக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க, அழிச்சுடறேன். போயிட்டா எல்லாரும் கேட்டுடுவாங்க.

—கேக்கணும்னுதானே பேசினேன்? ஒரு வார்த்தைகூட அழிக்கக் கூடாது. உங்கம்மாவைப் பத்தி இருக்குன்னு நடுவுல எங்கயாவது கை வச்சே, தொலைச்சுடுவேன்.

—கை வைக்க மாட்டேன். முழுசும் போகட்டுமா?

—முழுசும் போகட்டும்.

—திரையைக் காட்டவா மேடம்? ஒரு தடவை நீங்களே பாத்துடுங்க.

—கண்ணாடி இல்லன்னு சொன்னேன்ல? எத்தனை தடவை சொல்றது ஒரு வேலையை? அனுப்பு.

—அனுப்பிட்டேன் மேடம்.

—போயிடுச்சா?

—போயிடுச்சு.

—நாப்பது வீட்டுக்கும்?

—நாப்பது வீட்டுக்கும். செயலாளர் வீட்டம்மா இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க போல, கேட்டவங்க பட்டியல்ல அவங்க பேர் வந்திருக்கு.

—கேக்கட்டும், நல்லா கேக்கட்டும். இனிமே வாயைத் திறப்பாளா பாப்போம். எவ்வளவு வந்திருக்கு, ஒரு நிமிஷமாவது இருக்குமா?

—இருபத்தொம்பது நிமிஷம் மேடம். அந்தக் கடைசி வரி வர்றவரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு சொன்னீங்க, பதிவை நிறுத்துன்னு சொல்லலையே.